வேலை கேட்டு எழுதும் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

தாராவி 90 அடி ரோட்டிலும் சயான் கோலிவாடாவிலும் ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. திங்கட்கிழமை காலையில் இத்தகைய கடை ஒன்றின் முன் சிறிது நேரம் நின்றால் போதும். ஊரிலிருந்து வந்து இரண்டு மூன்று மாதமே ஆன இளைஞர்கள், சர்ட்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருப்பதைக் காணலாம்.

"அண்ணாச்சி, போன தடவை அடிச்ச லெட்டர்லயே பேரையும் அட்ரஸையும் மாத்திக் குடுத்துருங்க" என்பார் ஒருவர். கடைக்காரரும் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் கடிதத்தைத் திறந்து, முன்பு வந்தவரின் பெயரை அழித்துவிட்டு இவர் பெயரை அடித்துக் கொடுப்பார். இரண்டு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும்.

அதே கடிதம் அந்தேரியிலுள்ள மருந்துக் கம்பெனிக்கும் போகும். நவி மும்பையிலுள்ள கப்பல் சரக்கு ஏஜெண்டுக்கும் போகும். பிவண்டி கிடங்குக்கும் போகும். ஒரு பதிலும் வராது. ஐந்தாறு மாதம் இப்படிக் கழிந்தபின், "மும்பையில் சிபாரிசு இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்ற முடிவுக்கு அந்த இளைஞர் வந்துவிடுவார். சிபாரிசுக்கு இங்கு இடமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சிபாரிசு இல்லாதவருக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் அவருடைய கடிதம்தான். அந்த ஆளை வாய் பேசாதவனாக்கி அனுப்பிவிட்டு, வேலை கிடைக்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

கவரிங் லெட்டர் எதற்கு?

பயோடேட்டா என்பது ஒருவருடைய படிப்பு, வயது, முன்அனுபவம் முதலியவற்றின் பட்டியல். அதை எந்தக் கம்பெனிக்கும் அனுப்பலாம். அதன் மேலே வைத்து அனுப்பும் கவரிங் லெட்டரின் வேலை வேறு. "தாங்கள் கேட்ட வேலை இன்னது, அதற்கு வேண்டியதில் என்னிடம் இருப்பது இன்னது" என்று, அந்த ஒரு வேலையையும் அந்த ஒரு மனிதரையும் இணைத்துக் காட்டுவதே அது. ஆகவே பத்துக் கம்பெனிகளுக்குப் பொருந்தும் கடிதம் உண்மையில் ஒரு கம்பெனிக்கும் பொருந்தாத கடிதம்.

கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பவரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பெரும்பாலும் ஆபீஸ் மானேஜராகவோ, ஆள் எடுக்கும் பிரிவின் சிப்பந்தியாகவோ இருப்பார். மேஜை மேல் ஒரு கட்டுக் கடிதங்கள் இருக்கும். இந்நாளில் கம்ப்யூட்டரில் இருக்கும். அவருக்கு வேறு வேலைகளும் உண்டு. முதல் நாலைந்து வரிகளில் தமக்கு வேண்டிய விஷயம் தென்படவில்லை என்றால் அடுத்ததை எடுத்துவிடுவார். இதில் அவர் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நாலைந்து வரிகளில் நம்மவர்கள் எழுதுவது என்ன? "தங்கள் மேலான ஸ்தாபனத்தில் காலியிடம் இருப்பதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் மூலம் அறிந்தேன்" என்பது முதல் வரி. விளம்பரமோ முந்தின நாள் பத்திரிகையில் ஊரறிய வந்திருக்கும்! அடுத்து, "நான் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன், வயது முதிர்ந்த பெற்றோரையும் தங்கையையும் காப்பாற்றும் பொறுப்பு உள்ளவன்" என்று வரும். முடிவில், "இந்த வேலையை அளித்தால் மேலதிகாரிகள் முழுத் திருப்தி அடையும்படி நடந்துகொள்வேன், என்றென்றும் நன்றி மறவேன்" என்று இருக்கும். படித்து முடித்தவருக்கு, இவர் டைப் அடிப்பாரா, கணக்கு எழுதுவாரா, மோட்டார் ரிப்பேர் செய்வாரா என்பது மட்டும் தெரியாது.

பழைய பழக்கம்

இந்தக் கெஞ்சும் நடை வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. அந்நாளைய கடிதப் பயிற்சிப் புத்தகங்கள், உத்தியோகம் கேட்பவன் "இறைஞ்சி விண்ணப்பிக்கிறேன்" என்று தொடங்கி, "தங்கள் மிகப் பணிவுள்ள ஊழியன்" என்று முடிக்கும்படி கற்பித்தன. துரைகள் போய்விட்டார்கள். அந்த வாசகங்கள் மாத்திரம் தாத்தாவிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும், இப்போது ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டருக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன.

முந்திய தலைமுறையினருக்கு இதனால் அவ்வளவு நஷ்டம் ஏற்படவில்லை. அந்நாளைய பம்பாயில் மாதுங்காவிலிருந்து கோட்டைப் பகுதி ஆபீஸ்களுக்கு ரயிலேறிய தமிழ்க் குமாஸ்தாக்களிடம் இங்கிலீஷ் டைப்பும் சுருக்கெழுத்தும் இருந்தன. அவை இரண்டும் தெரிந்த ஆளுக்குக் கிராக்கி இருந்ததால், கடிதம் எப்படி இருந்தாலும் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். 1966-ஆம் ஆண்டில் சிவசேனை தோன்றிய சமயம் தென்னிந்தியக் குமாஸ்தாக்களுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்ததற்கு, ஆபீஸ் உத்தியோகங்களில் அவர்கள் அதிகம் தென்பட்டதும் ஒரு காரணம்.

இன்று நிலைமை வேறு. சுருக்கெழுத்துக்கு இருந்த கிராக்கி குறைந்துவிட்டது. கம்ப்யூட்டர் எல்லா மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும், இங்கிலீஷும் அப்படியே. தமிழன் என்றால் கணக்கில் கெட்டிக்காரன், நம்பகமானவன் என்று நினைத்து ஆள் எடுத்த முதலாளிகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே தனக்குத் தெரிந்தது என்ன என்பதை இளைஞர் தாமே எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

மூன்று வாரத்தில் கிடைத்த வேலை

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையில் 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ஆம் தேதி இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர், சென்னைத் துறைமுக டிரஸ்ட் ஆபீசில் குமாஸ்தா வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். அவர்தான் பின்னாளில் உலகம் போற்றிய கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

அன்று அவர் நிலை நம்மில் பலருடைய நிலையை விட மோசம். மெட்ரிகுலேஷன் தேறியிருந்தார். கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாததால் உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. கல்யாணம் ஆகியிருந்தது. நெல்லூர்க் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் ரூ.25 கொடுத்து ஆதரித்தார்; ஆனால் நெடுநாள் பிறர் தயவில் இருக்க ராமானுஜனுக்கு மனமில்லை. அக்கௌண்டண்ட் ஜெனரல் ஆபீசில் மாதம் ரூ.20 சம்பளத்தில் கிடைத்த தற்காலிக வேலையும் சில வாரங்களில் முடிந்துவிட்டது.

இவ்வளவு கஷ்டத்திலிருந்தவர் எழுதிய கடிதம் எப்படி இருந்தது? அது ஐந்தாறு வாக்கியங்களுக்கு மேற்படாத சிறு கடிதம். தங்கள் ஆபீசில் குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்றார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை படித்ததையும், சந்தர்ப்பங்கள் சரியில்லாமல் மேலே படிக்க முடியாமற் போனதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அதன்பின் தமது நேரமெல்லாம் கணித ஆராய்ச்சியில் செலவாகிறது என்றார். வேலையைக் கொடுத்தால் சரிவரச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை தமக்கு இருப்பதாகக் கூறி முடித்தார். காலத்தின் வழக்கப்படி இறைஞ்சும் வாசகம் அதிலும் உண்டு. ஆனால் மனைவி, தாய் தந்தை, வறுமை, நோய் ஆகியவை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எப்.ஏ. தேறியதாகப் பொய்யும் கிடையாது.

அதோடு ஒரு காகிதத்தை இணைத்திருந்தார். மாநிலக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த மிடில்மாஸ்ட் என்ற ஆங்கிலேயர் கொடுத்த சிபாரிசு அது. ராமானுஜன் கணிதத்தில் அசாதாரணத் திறமை உள்ளவர் என்று அவர் எழுதியிருந்தார். சென்னையிலிருந்த கணித அபிமானிகளின் ஆதரவும் ராமானுஜனுக்கு இருந்தது. கடிதம் எழுதிச் சரியாக மூன்று வாரத்தில், மார்ச் மாதம் 1-ஆம் தேதி, மாதம் ரூ.30 சம்பளத்தில் அவர் வேலையில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு, 1913 ஜனவரி 16-ஆம் தேதி, இதே குமாஸ்தா கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் அங்குள்ள வேறு கணித அறிஞர்களுக்கு எழுதிப் பார்த்துப் பலனில்லாமற் போயிருந்தது. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே, தாம் துறைமுக டிரஸ்ட் கணக்குப் பிரிவில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். சர்வகலாசாலைப் படிப்பு தமக்கு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் கடிதத்தோடு தாம் கண்டுபிடித்த நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்களை எழுதி அனுப்பினார். ஹார்டி முதலில் இது ஏதோ மோசடியோ என்று கூடச் சந்தேகித்தார். தம் சகாவான லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அந்தத் தாள்களை ஆராய்ந்தபின் சந்தேகம் நீங்கிற்று. பிப்ரவரி 8-ஆம் தேதியே பதில் எழுதிவிட்டார். 1914 மார்ச்சில் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

எல்லோரும் ராமானுஜன் ஆக முடியுமா என்று கேட்கலாம். ஆக வேண்டியதில்லை. அவருடைய கணிதம் நமக்கு வராது. அவர் கடிதம் எழுதிய முறை யாருக்கும் வரும். என்ன வேலை வேண்டும் என்று சொன்னார். படிப்பில் உள்ளதை உள்ளபடி சொன்னார். தாம் செய்த வேலையைச் சொன்னார். அதற்கு அத்தாட்சியை இணைத்தார். கவரிங் லெட்டருக்கு வேண்டிய நான்கும் இவையே.

ஒரு மாதிரிக் கடிதம்

பிவண்டியில் ஒரு கிடங்குக்கு ஸ்டோர்ஸ் கிளார்க் தேவை என்று விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ படித்து, குர்லாவில் ஒரு கடையில் வேலை பார்க்கும் டோம்பிவ்லிவாசி ஒருவர் அதற்கு எழுதும் கடிதம், தமிழில் சொன்னால், பின்வருமாறு இருக்கலாம்:

"ஐயா,

நேற்றைய பத்திரிகையில் தாங்கள் வெளியிட்ட விளம்பரத்தைப் பார்த்து, பிவண்டி கிடங்கின் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்.

நான் பிளஸ் டூ தேறியவன். மூன்று ஆண்டுகளாகக் குர்லாவில் மின்சாமான் மொத்த வியாபாரக் கடையில் ஸ்டாக் கணக்குப் பார்க்கிறேன். வரும் சரக்கைச் சலானோடு ஒத்துப் பார்ப்பது, கம்ப்யூட்டரில் பதிவது, தினசரி இருப்பு எடுப்பது, மாதக் கடைசியில் எண்ணிச் சரிபார்ப்பது ஆகியவை என் பொறுப்பு. சுமார் 400 வகைச் சாமான்களின் கணக்கு என்னிடம் இருக்கிறது.

டாலி தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பில் போடவும் ஸ்டாக் ஏற்றவும் எனக்கு அதில் பழக்கம் உண்டு. வருஷக் கணக்கு முடித்துப் பழக்கமில்லை. தமிழும் ஹிந்தியும் நன்றாகப் பேசுவேன். மராத்தி பேசினால் புரிந்துகொள்வேன். இங்கிலீஷில் சலானும் கடிதமும் படிக்கவும் எழுதவும் முடியும்.

ஷிப்ட் வேலைக்கு ஆட்சேபம் இல்லை. இப்போதைய கடையில் முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பயோடேட்டா இணைத்திருக்கிறேன். அழைத்தால் நேரில் வரத் தயார்.

இப்படிக்கு,"

இதில் அலங்காரம் ஒன்றுமில்லை. ஆனால் மானேஜர் மனத்தில் எழும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. எந்த வேலை, என்ன படிப்பு, இப்போது என்ன செய்கிறார், கேட்டது தெரியுமா, எப்போது வந்து சேருவார் என்பவை தெளிவாகிவிட்டன. "வருஷக் கணக்கு முடித்துப் பழக்கமில்லை" என்ற வரியைக் கண்டு சிலர் திடுக்கிடலாம். நம் குறையை நாமே சொல்வதா என்பார்கள். பேட்டியில் முதல் கேள்வியிலேயே வெளிப்படப் போகும் விஷயம் அது. முன்கூட்டிச் சொன்னால், மற்ற வரிகளையும் படிப்பவர் நம்புவார்.

"கடின உழைப்பாளி", "நேர்மையானவன்", "எந்த வேலையும் செய்வேன்" என்ற வார்த்தைகள் இக்கடிதத்தில் இல்லாததைக் கவனிக்க வேண்டும். எல்லாக் கடிதத்திலும் இவை இருப்பதால் யாரும் இவற்றைப் படிப்பதில்லை. 400 வகைச் சாமான்களின் கணக்கு என்பதில் உழைப்பும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. எந்த வேலையும் செய்வேன் என்பவருக்கு எந்த வேலை கொடுப்பது என்று மானேஜருக்குப் புரியாது.

கைத்தொழில் தெரிந்தவர்கள்

கடிதம் எழுதுவது குமாஸ்தாக்களின் சமாசாரம் என்று பிட்டர்களும் வெல்டர்களும் டிரைவர்களும் நினைக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இது இன்னும் அவசியம். பத்து ஆண்டு வேலை பார்த்தும் கையில் ஒரு காகிதம் இல்லாதவர்கள் அவர்களில் அதிகம்.

வெல்டர் என்றால் எந்த வகை வெல்டிங், எந்த உலோகம், குழாயா தகடா, உயரத்தில் நின்று வேலை செய்த அனுபவம் உண்டா என்று நாலு வரி எழுதலாம். ஐ.டி.ஐ. படித்திருந்தால் எந்தத் தொழில், எந்த ஆண்டு என்று குறிப்பிட வேண்டும். டிரைவர் தம் லைசென்ஸ் எந்த வகை வண்டிக்கு உரியது, எத்தனை ஆண்டுகளாக ஓட்டுகிறார், எந்தத் தடங்களில் போய்ப் பழக்கம் என்று சொல்லலாம். எலெக்ட்ரீஷியன் வயர்மேன் லைசென்ஸ் இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். சர்ட்டிபிகேட் இல்லாதவர் முன்பு வேலை பார்த்த மேஸ்திரி அல்லது சூப்பர்வைசரின் பெயரையும் போன் நம்பரையும் தரலாம். ஆனால் அவரிடம் சொல்லிவிட்டுத் தர வேண்டும். "யார்? தெரியாதே!" என்று அவர் போனில் சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

நடுவில் விடுபட்ட காலம்

பல குடும்பங்களில் பெண்கள் குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டுவிட்டு, ஐந்தாறு ஆண்டு கழித்து மறுபடியும் தேடுகிறார்கள். ஊரில் தகப்பனாருக்கு உடல்நலம் இல்லாமல் ஓராண்டு அங்கேயே இருந்துவிட்டு வந்தவர்களும் உண்டு. இதை மறைக்கத் தேதிகளை மாற்றி எழுதுவது பெருந்தவறு. பிராவிடண்ட் பண்டுக் கணக்கு வைத்தே எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் விலகினார் என்பதை இப்போது சரிபார்த்துவிடுகிறார்கள். "குடும்பப் பொறுப்புக் காரணமாக இத்தனை ஆண்டு வேலைக்குப் போகவில்லை, இப்போது முழுநேர வேலைக்கு வர முடியும்" என்ற ஒரு வாக்கியம் போதும். மன்னிப்புக் கேட்க வேண்டிய குற்றம் எதுவும் இதில் இல்லை. இடையில் டியூஷன் சொல்லிக் கொடுத்தது, வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுத்தது முதலியவை இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஈமெயிலும் போனும்

இந்நாளில் பெரும்பாலான தனியார் கம்பெனிகள் தபாலில் மனு கேட்பதில்லை, ஈமெயிலில் கேட்கின்றன. ஈமெயிலில் எழுதும் வாசகமே கவரிங் லெட்டர். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, பயோடேட்டாவை மட்டும் இணைத்து அனுப்புவது, வாசலில் வந்து நின்று பேசாமலிருப்பதைப் போன்றது.

தலைப்பு வரியில் வேலையின் பெயர், விளம்பரத்தில் எண் கொடுத்திருந்தால் அந்த எண், விண்ணப்பிப்பவர் பெயர் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பயோடேட்டா பைலுக்கும் சொந்தப் பெயரையே வைக்க வேண்டும். "புதியது 2", "கடைசி" என்று பெயர் வைத்தால் அங்கே தேடி எடுக்க முடியாது. ஒரே கடிதத்தை இருபது கம்பெனிகளுக்குச் சேர்த்து அனுப்பினால், இருபது விலாசமும் எல்லோர் கண்ணிலும் படும். நண்பர்கள் வேடிக்கையாக வைத்த பெயரில் ஈமெயில் விலாசம் இருந்தால், வேலைக்கென்று சொந்தப் பெயரில் வேறொன்று வைத்துக்கொள்வது நலம். ஆதார் நம்பர், பான் நம்பர், பாங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கடிதத்தில் எழுதவே கூடாது. வேலை உறுதியானபின் அவர்கள் முறைப்படி கேட்கும்போது கொடுத்தால் போதும்.

எழுதி ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் பதில் இல்லையென்றால், இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். தினம் போன் செய்வது எரிச்சலையே உண்டாக்கும்.

சர்க்கார் வேலை

சர்க்கார் உத்தியோகங்களுக்கு வழி வேறு. ரயில்வே ஆள்தேர்வு வாரியம், ஸ்டாப் செலக்ஷன் கமிஷன், பாங்கித் தேர்வு நிலையம் முதலியவை அறிவிப்பில் சொன்னபடி இன்டர்நெட்டில் பாரத்தைப் பூர்த்தி செய்யச் சொல்கின்றன. அங்கே கவரிங் லெட்டருக்கு இடமில்லை. உருக்கமாக எழுதி யாருக்கும் அனுப்ப வேண்டியதுமில்லை. பாரத்தில் பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சர்ட்டிபிகேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்ப்பதே அங்கு முக்கியம்.

ஏற்கெனவே சர்க்கார் அல்லது பொதுத்துறை வேலையில் இருப்பவர்கள் வேறு சர்க்கார் வேலைக்கு மனுச் செய்யும்போது, அறிவிப்பில் கேட்டிருந்தால், ஆபீஸ் தலைவர் மூலமாக மனுவை அனுப்ப வேண்டும், அல்லது அவரிடம் ஆட்சேபணையில்லாச் சர்ட்டிபிகேட் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல், தேர்வில் தேறியபின் சர்ட்டிபிகேட் பரிசீலனையின்போது திண்டாடுகிறவர்கள் உண்டு. மனுச் செய்யும்போதே ஆபீசில் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அறிவிப்பில் உள்ள பரீட்சைக் கட்டணம் தவிர ஒரு காசும் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. "உள்ளே ஆள் இருக்கிறது, முன்பணம் கொடு" என்பவரும், வேலை கொடுக்கும் முன்பே டெபாசிட் கேட்கும் "கம்பெனி"யும் ஒரே ஜாதி. இரண்டையும் நம்பக்கூடாது.

பிறர் எழுதிக் கொடுத்த கடிதம்

இங்கிலீஷ் சரியாக வராதே, என்ன செய்வது என்ற கேள்வி எழும். விளம்பரம் எந்தப் பாஷையில் இருக்கிறதோ அந்தப் பாஷையில் எழுதுவதே முறை. மும்பையில் பெரும்பாலும் அது இங்கிலீஷாக இருக்கும். சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகு தெரிந்தவர் உதவியால் சிறு சிறு வாக்கியங்களாக இங்கிலீஷில் ஆக்கிக்கொள்ளலாம். இப்போது கம்ப்யூட்டரே கடிதம் எழுதிக் கொடுக்கிறது என்று அதைப் பயன்படுத்துகிறவர்களும் பெருகிவிட்டார்கள். பிழை திருத்த அது உதவும். ஆனால் குர்லா கடையில் ஒருவர் என்ன செய்தார் என்பது அதற்குத் தெரியாது. அதை அவரே சொல்ல வேண்டும்.

யார் எழுதிக் கொடுத்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. கடிதத்திலுள்ள ஒவ்வொரு வார்த்தைக்கும் எழுதியவருக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். பேட்டியில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பார்கள். பெரிய வார்த்தைகளாக அடுக்கிய கடிதத்துக்குச் சொந்தக்காரர் அங்கே விழிக்க நேர்ந்தால், உண்மையில் தெரிந்த தொழிலும் தெரியாதது போல் ஆகிவிடும். நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அம்பர்நாத்திலிருந்தும் வசாயிலிருந்தும் இரண்டு ரயில் மாறிப் பேட்டிக்கு வருகிறவருக்கு இது சிறிய நஷ்டமல்ல.

வீட்டை விட்டு ஆயிரம் மைல் வந்து உழைப்பவர்கள் வேலை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வேலையைத் தானமாகக் கேட்கவும் வேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு விளம்பரத்தைக் கண்டால், ஜெராக்ஸ் கடைக்குப் போகும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளலாம்: அவர்கள் கேட்பது என்ன, அதில் தமக்குத் தெரிந்தது என்ன, தெரியும் என்பதற்கு என்ன அத்தாட்சி. அந்தத் துண்டுக் காகிதத்தில் இருப்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் விரித்து எழுதினால் கவரிங் லெட்டர் தயார். அனுப்பும் முன் போன் நம்பரை மட்டும் இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.